தேயிலையும் வரியும்: ஜார்ஜ் டவுனில் ஒரு தேநீர் மாலை

பினாங்கு லெபு பசாரை ஒட்டிய பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கும் தேயிலைக் கடை, மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் தமிழ் வரலாற்று உரையுடன் தேநீர்ச் சுவைப்பு நிகழ்ச்சியை நடத்தி வருகிறது. அண்மையில் எடுத்துக்கொண்ட பொருள், வட அமெரிக்கக் குடியேற்றங்களில் பிரிட்டிஷ் வரிகளுக்கு எதிராக எழுந்த முணுமுணுப்பு புரட்சியாக முற்றிய வரலாறு. கட்டணம் நபருக்கு 45 ரிங்கிட்.

1773-இல் வரி எதிர்ப்பாளர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டியது சீனத் தேயிலை என்பதும், அதில் பெரும்பகுதி ஃபூஜியன் மாநிலத்து ஊயி மலைப் பகுதியின் போஹி வகை என்பதும் வந்திருந்த பலருக்குப் புதிய செய்தி. அதற்கேற்ப ஊயி கறுப்புத் தேநீர், புகைமணம் கொண்ட சூச்சோங், ஹைசன் பச்சைத் தேநீர் ஆகியவற்றைப் பரிமாறினார்கள். சூச்சோங் அருமை, ஹைசனை அளவுக்கு மீறி ஊறவிட்டுக் கசக்க வைத்துவிட்டார்கள். பால், சர்க்கரை இரண்டும் கிடையாது. தே தாரிக்கில் ஊறிய நாக்குக்கு இது சோதனைதான், ஆனால் அக்காலக் குடியேறிகளே சர்க்கரை சேர்த்துக் குடித்தவர்கள் என்பதால், இந்தக் கட்டுப்பாட்டுக்கு வரலாற்றைக் காரணம் காட்டியிருக்க வேண்டியதில்லை.

உரையின் நடுப்பகுதிக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். 1763-இல் முடிந்த ஏழாண்டுப் போரின் கடன் சுமையிலிருந்து தொடங்கிய பேச்சாளர், செய்தித்தாள் முதல் சீட்டுக்கட்டு வரை எதையும் விடாத 1765-ஆம் ஆண்டு முத்திரைத்தாள் வரியையும், அதை எதிர்த்து ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடியதையும் நிதானமாக விளக்கினார். மறு ஆண்டு அந்த வரியைத் திரும்பப் பெற்ற நாடாளுமன்றம், எல்லா விஷயங்களிலும் சட்டமியற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று கூடவே பிரகடனமும் செய்தது. 1767-இல் இறக்குமதிப் பொருள்கள் சிலவற்றின் மீது வந்த டவுன்ஷெண்டு வரிகளில் மற்றவை 1770-இல் நீக்கப்பட்ட பிறகும், தேயிலைக்கு ராத்தலுக்கு மூன்று பென்ஸ் மட்டும் நிலைத்ததற்கு இந்தப் பிடிவாதமே காரணம் என்று அவர் முடிச்சுப் போட்ட இடம் சிறப்பாக இருந்தது.

1773-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையை ஏற்றவில்லை, குறைத்தது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். கிழக்கிந்தியக் கும்பினி நேரடியாக அனுப்பிய சரக்கு, வரியைச் சேர்த்தும் மலிவாக விற்கக்கூடியது. அதனால் டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களின் பிழைப்பும், கும்பினி முகவர்களாக நியமிக்கப்படாத வணிகர்களின் பிழைப்பும் ஒருசேர ஆட்டம் கண்டன. மலிவு விலைக்கு மயங்கி வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சமும் பரவியது. பாஸ்டன் முகவர்களில் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள் இருவர் இருந்தனர். வரி கட்டாமல் கப்பல்கள் திரும்பக் கூடாது என்று ஆளுநரும் விடாப்பிடியாக நின்றார். சுங்கக் கெடு முடியும் தறுவாயில், டிசம்பர் 16 இரவில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள் கடலுக்குள் போயின.

இதற்குப் பிறகு உரை ஓட்டம் பிடித்தது. பாஸ்டன் துறைமுகத்தை மூடி, மாசசூசெட்ஸின் தன்னாட்சியையும் முடக்கிய 1774-ஆம் ஆண்டுச் சட்டங்களே மற்ற குடியேற்றங்களையும் ஃபிலடெல்ஃபியாவில் ஒன்றுகூட வைத்தன. அவற்றுக்கு ஒதுக்கிய நேரம் ஒரு கோப்பை ஆறும் நேரம்கூட இல்லை. எனவே வரி எதிர்ப்பு எப்படி 1775-இல் லெக்சிங்டன் துப்பாக்கிச் சூடாக மாறியது என்ற கேள்வியுடனேயே கலைந்தோம். நடந்து செல்லும் தொலைவில் உள்ள கோர்ன்வாலிஸ் கோட்டையைப் பேச்சாளர் தொடாமல் விட்டதும் வியப்பே. 1781-இல் யார்க்டவுனில் புரட்சிப் படையிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி, அதே கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயரையே அக்கோட்டை தாங்கி நிற்கிறது. 1766-ஆம் ஆண்டுப் பிரகடனத்தை மேலவையில் எதிர்த்து வாக்களித்த மிகச் சிலரில் அவரும் ஒருவர்.

படிவம் ஆறு மாணவர்கள் இதைத் தேர்வுத் தயாரிப்பாக நம்பி வர வேண்டாம். பெரியவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மாடிப்படி மிகவும் செங்குத்தானது என்பதால், முதியவர்களை அழைத்து வருவோர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.