எதிருரையில் இருந்த அவதூறை நீக்க மனு போட்டுக் கொடுத்த வக்கீல் அலுவலகம்: என் அனுபவம்

பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இது உதவும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் அலுவலகத்தின் பெயர், ஊர் எதுவும் போடவில்லை.

அப்பா வழிச் சொத்தில் என் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டேன். அதற்கு அண்ணன் தரப்பு தாக்கல் செய்த எதிருரையில் சொத்தைப் பற்றி இருந்ததைவிட என் விவாகரத்தைப் பற்றி இருந்ததுதான் அதிகம். நான் யாருடன் பழகினேன், எதனால் வீட்டுக்காரர் விலகினார் என்றெல்லாம், ஒரு ஆதாரமும் இல்லாமல், சட்ட மொழியில் மடித்து எழுதியிருந்தார்கள். முதலில் வழக்கைப் பார்த்த வக்கீல், "எல்லாக் கேஸ்லயும் இப்படித்தான் எழுதுவாங்க, கண்டுக்காதீங்க" என்று முடித்துவிட்டார். எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது? அது கேஸ் கட்டில் உட்கார்ந்திருக்கும் காகிதம். அப்பீல் போனால் அதுவும் கூடவே போகும். நாளைக்கு என் மகளே நகல் மனு போட்டு வாங்கிப் படிக்கலாம்.

அப்புறம்தான் இந்த அலுவலகத்துக்குப் போனேன். மூத்த வக்கீல் ஒரு அம்மா. சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 6 ரூல் 16 என்று ஒன்று இருக்கிறது, அதில் கேட்கலாம் என்றார். வழக்குப் போடுகிறவர் கொடுக்கும் பிராதோ, எதிர்த்தரப்பு பதிலாகக் கொடுக்கும் எதிருரையோ எதுவானாலும், அதில் தேவையில்லாத, அவதூறான, அற்பமான, தொல்லை தருவதற்காகவே எழுதப்பட்ட சங்கதிகளையும், நியாயமான விசாரணையைக் கெடுக்கிற அல்லது இழுத்தடிக்கிற சங்கதிகளையும், நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துகிறவற்றையும் நீக்கச் சொல்லி வழக்கின் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் கேட்டதும் கிடைத்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. 2006-இல் சாத்தி விஜய்குமார் எதிர் டோட்டா சிங் வழக்கில் இந்த அதிகாரத்தை மிகுந்த எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை முதல் நாளே எடுத்துக் காட்டினார். ஒரு தரப்பு தன் வழக்கை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் நீதிமன்றம் லேசில் கை வைக்காது.

இந்த அலுவலகத்தை நான் பாராட்டுவதற்கு முதல் காரணம், எதை நீக்கக் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொன்னதுதான். எனக்கு வலித்த வரிகளையெல்லாம் மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் ஒரு பென்சிலை எடுத்து வரிவரியாக வந்தார். கல்யாணத்தின்போதே நகையும் பணமும் வாங்கிக்கொண்டு பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று ஒரு பாரா. அப்பட்டமான பொய். "பொய்தாம்மா, ஆனா இது அவங்க டிஃபென்ஸ். இதை நீக்கக் கேட்க முடியாது, மறுத்துச் சாட்சி சொல்லணும்" என்றார். அப்பாவின் கடைசிக் காலத்தில் நான் எட்டிப் பார்க்கவில்லை என்று இன்னொரு பாரா. படித்துவிட்டு அழுதிருக்கிறேன். அதையும் விட்டுவிடச் சொன்னார். காரணம், அவர்கள் ஒரு உயிலைக் காட்டுகிறார்கள். பெற்ற பிள்ளையை ஏன் உயிலில் விலக்கினார் என்பது நீதிமன்றம் கட்டாயம் பார்க்கும் விஷயம், அதனால் அந்தப் பாரா வழக்குக்குச் சம்பந்தமுள்ளதாகிவிடுகிறது. கடைசியில் பென்சில் வட்டத்துக்குள் மிஞ்சியது என் விவாகரத்தையும் நடத்தையையும் பற்றிய சில வரிகள்தான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை, தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே 1989-இல் சட்டத்தைத் திருத்தி வழி செய்திருந்தார்கள். இதில் எந்த இடத்திலும் மகளின் குடும்ப வாழ்க்கை எப்படிப் போனது என்ற கேள்வியே வராது. "இதை மட்டும் கேட்போம், இதுக்கு அவங்களால பதில் சொல்ல முடியாது" என்றார். மற்றதையும் சேர்த்துக் கேட்டிருந்தால், வழக்கின் உண்மையான பிரச்சினையிலிருந்து நான் ஓடுவதாக எதிர்த்தரப்பு சொல்லியிருக்கும்.

இரண்டாவது, மனுவை எழுதிய விதம். சாதாரணமாக என்ன செய்வார்கள் என்றால், நீக்க வேண்டிய வாசகத்தை அப்படியே அஃபிடவிட்டில் திருப்பி எழுதி, இது அவதூறு என்பார்கள். அப்படிச் செய்தால் அதே அசிங்கம் என் கையெழுத்தோடு இன்னொரு காகிதத்திலும் ஏறும். இவர்கள் அதைத் தவிர்த்தார்கள். எந்தப் பாரா, எத்தனையாவது வரி, எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிகிறது, அவ்வளவுதான். அந்தச் சொற்களும் 'மேலும்', 'ஆகவே' மாதிரி ஒன்றுமில்லாத சொற்கள். உத்தரவுகள் இப்போது இ-கோர்ட்ஸ் தளத்தில் ஏறிவிடுகின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், உத்தரவிலும் அந்த வாசகத்தை எடுத்தெழுத வேண்டாம் என்று வாதத்தின்போது கேட்டுக்கொண்டார். இதை யோசிக்கும் வக்கீல் கிடைப்பது அபூர்வம்.

எங்கள் மனுவுக்குப் பதிலாக எதிர்த்தரப்பு கவுண்டர் போட்டது. 'மனு சட்டப்படியும் சங்கதிப்படியும் நிலைக்கத்தக்கதல்ல' என்ற வழக்கமான தொடக்கத்துக்கு அப்புறம், நீக்கக் கேட்ட விஷயத்தையே இன்னும் விரிவாக எழுதியிருந்தார்கள். இப்படி நடக்கும் என்று அலுவலகம் என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, நான் தயாராக இல்லாமல் அதைப் படிக்க நேர்ந்தது. இது எனக்குப் பெரிய குறைதான். ஆனால் வாதத்தில் மூத்த வக்கீல் அதையே சாதகமாக்கினார்: சொத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு அந்தக் கவுண்டரில் ஒரு வரிகூட இல்லை என்று காட்டினார். பெரும்பாலான வரிகளை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு வாக்கியத்தை மட்டும் விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீதிபதி விட்டுவிட்டார். அதற்கு ஹைகோர்ட்டில் சீராய்வு மனு போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் அசல் வழக்கு அதுவரை நகராமல் போகலாம், வேண்டாம் என்றார். தனக்கு ஃபீஸ் வரும் வேலையை வேண்டாம் என்று சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

உத்தரவு வாங்கியதோடு விஷயம் முடிந்துவிடாது என்பதையும் எழுத வேண்டும். எதிர்த்தரப்பு கையில் இருக்கும் நகல் இருக்கத்தான் செய்யும். குறுக்கு விசாரணையில் அதே விஷயத்தைக் கேள்வியாகக் கொண்டுவரப் பார்ப்பார்கள். வழக்குக்குச் சம்பந்தமில்லாத அவதூறான கேள்விகளையும், அவமானப்படுத்துவதற்காகவே கேட்கும் கேள்விகளையும் தடுக்க நீதிபதிக்குச் சாட்சியச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பழைய சட்டத்தில் 151, 152 பிரிவுகள், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் 154, 155. கூண்டில் அப்படிக் கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லாமல் ஒரு நொடி நிறுத்து, நான் எழுந்து ஆட்சேபிக்கிறேன் என்று எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

குறைகள் வேறு என்ன என்றால், தகவல் சொல்வதில் சுத்த மோசம். வாய்தா தேதியை குமாஸ்தா முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்புவார், வேலைக்குப் போகிறவர்கள் எப்படி லீவு போடுவது? ஃபோன் எடுக்க மாட்டார்கள். ஜூனியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, என் மாதிரி விஷயத்தில் அது சுலபமில்லை. இதை அந்த அம்மாவிடமே நேரில் சொன்னேன், இப்போது ஒரே ஜூனியர்தான் என் கட்டைப் பார்க்கிறார்.

எதிர்த்தரப்பை ஒரு வழி செய்ய வேண்டும் என்று போகிறவர்களுக்கு இந்த அலுவலகம் சரிப்படாது, பாதி கோரிக்கையை அங்கேயே வெட்டிவிடுவார். இந்த மாதிரி மனுவுக்குப் போகிறவர்கள் எதிருரையின் முழு நகலையும் கையில் கொண்டுபோங்கள். செல்போனில் எடுத்த போட்டோவைக் காட்டாதீர்கள். பாரா எண்ணும் வரி எண்ணும் கண் முன்னால் இல்லாமல் அவர் பேச்சையே தொடங்க மாட்டார்.