அஞ்சு ஜாக்கெட், பல வருஷம் போட்டுப் பாத்த அனுபவம்

ஜாக்கெட் வாங்கப் போனா கடைக்காரர்கிட்ட "எல்லாத்துக்கும் ஆகற மாதிரி ஒண்ணு காட்டுங்க"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. நான் அப்படி கேட்டு வாங்கினது தான் என் முதல் ஜாக்கெட், நல்ல தடிமனான காட்டன், உள்ள புசுபுசுன்னு லைனிங், கடையில போட்டுப் பாத்தப்ப ராஜா மாதிரி இருந்துச்சு. அதையே போட்டுட்டு ஒரு மலை ஏறப் போனோம், பாதி வழியில மழை புடிச்சுக்கிச்சு, காட்டன் மொத்த தண்ணியையும் குடிச்சுட்டு கல்லு மாதிரி கனத்துப் போச்சு, அப்புறம் காத்து அடிக்க அடிக்க பல்லு கிட்டிக்கிச்சு. கூட வந்த அண்ணன் ஒருத்தர் மெல்லிசா பேப்பர் மாதிரி ஒரு ஜாக்கெட் தான் போட்டிருந்தாரு, அவரு உள்ள சொட்டு நனையல. அன்னிக்கு தான் இதை உக்காந்து படிக்கணும்னு தோணுச்சு. இப்ப என்கிட்ட அஞ்சு இருக்கு, ஒவ்வொண்ணையும் வருஷக்கணக்கா போட்டுட்டு தான் எழுதறேன்.

மழை ஜாக்கெட்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுல தான் ஆளுங்க அதிகம் ஏமாறாங்க. லேபிள்ல வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருந்தா அது தூறலுக்கு மட்டும் தான், வாட்டர்ப்ரூஃப்னு இருக்கணும், பக்கத்துலயே 10,000 மி.மீ., 20,000 மி.மீ.ன்னு ஒரு நம்பர் இருக்கும். 10,000னா அந்த துணி மேல 10 மீட்டர் உயரத்துக்கு தண்ணிய நிறுத்துனா வர்ற அழுத்தம் வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். இவ்ளோ எதுக்குன்னு கேக்கலாம், மழை அவ்ளோ அழுத்தாது தான், ஆனா முதுகுல பை மாட்டினா பட்டை தோள்ல அழுத்தும், ஈரத் தரையில உக்காந்தா உடம்பு கனமே அழுத்தும், அங்க தான் தண்ணி உள்ள வரும். இன்னொண்ணு, ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி தையல் எல்லாத்துலயும் டேப் ஒட்டியிருக்கான்னு பாருங்க. ஊசி போன ஓட்டை ஒவ்வொண்ணும் தண்ணிக்கு வாசல் தான், டேப் இல்லன்னா துணி எவ்ளோ நல்லதா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

என்னோடது கோர்-டெக்ஸ். 1969ல பாப் கோர்ங்கறவரு, ஒட்டாத தோசைக்கல்லு மேல பூசுவாங்கல்ல அந்த பி.டி.எஃப்.ஈ., அதை மெதுவா இழுக்கறதுக்கு பதிலா வெடுக்குன்னு இழுத்துப் பாத்திருக்காரு, அது நுண்ணிய ஓட்டைங்களோட விரிஞ்சுக்கிச்சு. அந்த ஓட்டை வழியா தண்ணித் துளி நுழைய முடியாது, ஆனா வேர்வை ஆவியா வெளிய போயிடும், விஷயம் அவ்ளோ தான். ரெண்டாவது வருஷம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, மேல்துணி முழுக்க தண்ணிய இழுத்து கருப்பா ஊறிடுச்சு, உள்ள ஒரே பிசுபிசுப்பு, ஓட்டை விழுந்துடுச்சுன்னே நினைச்சுட்டேன். உண்மையில மேல இருக்கற தண்ணி ஒட்டாத பூச்சு தான் தேஞ்சிருந்துச்சு, மேல்துணி ஊறிட்டா ஆவி வெளிய போக வழியில்லாம என் வேர்வை தான் உள்ளயே தங்கி நனைச்சிருக்கு. இதுக்குன்னே இருக்கற லிக்விட்ல துவைச்சு, லேபிள்ல சொன்னபடி ட்ரையர்ல மிதமான சூட்டுல போட்டு எடுத்தேன், மறுபடி தண்ணி முத்து முத்தா உருள ஆரம்பிச்சுடுச்சு. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க. 5க்கு 4.5 குடுப்பேன், அரை மார்க் குறைச்சதுக்கு காரணம் நடக்கும்போது வர்ற அந்த சரசர சத்தம்.

குளிருக்கு டவுன் ஜாக்கெட் வச்சிருக்கேன், அதாவது வாத்து இல்லன்னா கூஸோட நெஞ்சுப் பக்கம் இருக்கற மெல்லிய தூவி அடைச்சது. எட்டி பாவர்னு ஒரு அமெரிக்கக்காரர் குளிர்காலத்துல மீன் பிடிக்கப் போய் விறைச்சு சாகற நிலைமைக்கு போயிட்டு வந்தாரு, அதுக்கப்புறம் தான் தூவி வச்சு தைச்ச ஜாக்கெட் பண்ணி 1940ல பேடன்டும் வாங்கினாரு. இதுல ஃபில் பவர் 600, 800னு போடுவாங்க, ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிக்குதுங்கறது தான் அந்த நம்பர். உப்ப உப்ப காத்து அதிகமா தங்கும், அந்த காத்து தான் நம்மள காப்பாத்துது. ஆனா 800னு பாத்ததும் பாயாதீங்க, உள்ள எத்தனை கிராம் அடைச்சிருக்காங்கன்னும் கேளுங்க, 800 தூவிய கொஞ்சமா போட்டதை விட 600 தூவிய நிறைய போட்டது கதகதப்பா இருக்கலாம். நனைஞ்சா மட்டும் இது செத்துப் போச்சு, கட்டி கட்டியா ஒட்டிக்கும். அதனால ஈரமான குளிர்னா சிந்தடிக் அடைச்சதையோ ஃப்ளீஸையோ எடுத்துக்கிட்டு மேல மழை ஜாக்கெட்டை மாட்டிக்கறது தான் சரி. ஏறும்போது டவுனை கழட்டி பையில வச்சிடுவேன், நின்னதும் எடுத்துப் போடுவேன், வேர்வையில நனைச்சுக்கறதும் மழையில நனையறதும் ஒண்ணு தான்.

அடுத்தது பைக் ஜாக்கெட், இதுல நான் கொஞ்சம் கோவமாவே பேசுவேன். பேஷனுக்கு வாங்கின லெதர் ஜாக்கெட்டை போட்டுட்டு "நமக்குத்தான் ஜாக்கெட் இருக்கே"ன்னு ஹைவேல போற பசங்கள பாக்கறப்ப வயிறு கலங்குது. அந்த மெல்லிசு தோலு ரோட்டுல உரசினா சீக்கிரமே கிழிஞ்சுடும், முழங்கைக்குள்ள ஒரு தடுப்பும் இருக்காது. உள்ள ஈ.என். 17092னு லேபிள் இருக்கான்னு தேடுங்க, பைக் உடுப்புக்கான ஐரோப்பிய தர நம்பர் அது, அதுல ஏஏஏ தான் உசத்தி, அடுத்து ஏஏ, அப்புறம் ஏ. தோள்லயும் முழங்கைலயும் இருக்கற ஆர்மர், அதாவது அடி தாங்கற தடுப்பு, அது மேல ஈ.என். 1621-1னு போட்டிருக்கும், லெவல் 1ல அடி விழுந்தா உடம்புக்கு போற விசை சராசரியா 35 கிலோநியூட்டனுக்குள்ள இருக்கணும், லெவல் 2ல 20க்குள்ள. முதுகுல என்ன இருக்குன்னு கைய விட்டுப் பாருங்க, நான் வாங்கினதுல அங்க வெறும் ஸ்பாஞ்சு தான் இருந்துச்சு, கடையில கேட்டதுக்கு "அது அப்படித்தான் சார் வரும்"னாங்க, தனியா பேக் ப்ரொடெக்டர் வாங்கி போட்டேன். நின்னுக்கிட்டே அளவு பாக்காதீங்க, பைக்ல உக்காந்து ஹேண்டில புடிச்சுப் பாருங்க, கை மேல ஏறி மணிக்கட்டு தெரிஞ்சா ஒரு சைஸ் மாத்துங்க, முழங்கை ஆர்மரை பிடிச்சு திருப்பினா சுத்தக் கூடாது. ஒரு தடவ மணல்ல வழுக்கி விழுந்தேன், ஸ்பீடு கம்மி தான், ஆனா ஆர்மர் மேல இருந்த துணி மட்டும் தேஞ்சு வெள்ளையாகி என் முழங்கை அப்படியே இருந்துச்சு. இதுக்கு 5க்கு 5, யோசிக்கவே மாட்டேன்.

இன்டர்வியூ, ஃபங்ஷனுக்கு ஒரு நேவி ப்ளூ பிளேசர். இதுல தோள்பட்டை சரியா உக்காரணும், தையல் உங்க தோளு முடியற இடத்துல முடியணும். இடுப்பு, கை நீளம் எல்லாம் டைலர் சரி பண்ணிடுவாரு, தோளை தொட்டா பாதி கோட்டை பிரிக்கணும், அதனால அது சரியில்லன்னா கழட்டி குடுத்துட்டு வந்துடுங்க. கீழ் காஜா பக்கத்துல துணிய ரெண்டு விரலால கிள்ளி பிரிச்சுப் பாருங்க, நடுவுல மூணாவதா ஒரு அடுக்கு தனியா நகர்ந்தா அது கேன்வாஸ், அதாவது பசை போடாம தைச்சு வச்ச உள்துணி. நகரலன்னா பெரும்பாலும் பசை போட்டு ஒட்டினது தான், மலிவா ஒட்டினது சில ட்ரை க்ளீனிங்குக்கு அப்புறம் நெஞ்சுல கொப்பளம் கொப்பளமா தூக்கிக்கும். பின்னாடி வென்ட்ல, அதாவது கோட்டோட கீழ் வெட்டுல, பெருக்கல் குறி மாதிரி ஒரு நூல் போட்டிருக்கும், அது கடைக்கு வர்ற வரைக்கும் மடிப்பு கலையாம இருக்கத்தான், வீட்டுக்கு வந்ததும் வெட்டிடுங்க. கடைசி பட்டனை போடாதீங்க. சூட்டோட கோட்டை மட்டும் எடுத்து ஜீன்ஸ் மேல போடறவங்களும் இருக்காங்க, எனக்கு அது பாதி வேஷம் மாதிரி தெரியும், பிளேசர்னா அந்த பிரச்சினை இல்ல.

சும்மா சுத்தறதுக்கு முன்னாடி ஒரு பைக்கர் ஸ்டைல் ஜாக்கெட் வச்சிருந்தேன், 1928ல இர்விங் ஷாட் பண்ணினாரே அந்த பெர்ஃபெக்டோ மாதிரி ஜிப்பு குறுக்கா போகும். லெதர்னு சொல்லித்தான் வித்தாங்க, ரெண்டே வருஷத்துல கழுத்துப் பக்கம் பாம்பு சட்டை மாதிரி உரிய ஆரம்பிச்சப்ப தான் அது பி.யு., அதாவது துணி மேல பிளாஸ்டிக் பூசின போலித் தோலுன்னு தெரிஞ்சுது. வெட்டின ஓரத்தை பாருங்க, தோலுன்னா நார் நாரா இருக்கும், பி.யு.ல பின்னாடி துணி தெரியும். இப்ப அந்த இடத்துக்கு நைலான் பாம்பர் ஜாக்கெட் ஒண்ணு வந்துடுச்சு, அமெரிக்க ராணுவ பைலட்டுங்க போட்ட எம்.ஏ.-1 டைப், உள்ள ஆரஞ்சு லைனிங். விமானம் விழுந்தா பைலட் அதை திருப்பிப் போட்டுக்கிட்டா தேடி வர்றவங்க கண்ணுல படும்னு வச்ச கலர் அது. எனக்கு அந்த வேலை வராது, ஆனா லேசான குளிருக்கும் சாயங்கால நடைக்கும் நான் அதிகம் போடறது இதைத்தான், 5க்கு 4, உள்பாக்கெட் இன்னும் கொஞ்சம் ஆழமா இருந்திருந்தா முழு மார்க்.