இலவசக் கால் பரிசோதனை முகாமா? சர்க்கரை உள்ளவர்கள் ஜாக்கிரதை

கல்யாண மண்டபத்தில் நடக்கிற 'கால் ரத்த ஓட்டப் பரிசோதனை இலவசம்' முகாமுக்கு வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் மாமனாருக்கு ரொம்ப வருஷச் சர்க்கரை, பீடிப் பழக்கமும் உண்டு. கடைத்தெரு வரை நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். மறுபடி அதே தூரம், அதே பிடிப்பு. முகாமில் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி பிரஷர் பார்த்தார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வரும் எண் அவருக்கு 1.46. "ஒன்றுக்கு மேல இருக்கு ஐயா, ரத்த ஓட்டம் சூப்பர். இது நரம்பு சுருட்டல்" என்று தொடை வரை ஏறும் இறுக்கமான காலுறையையும் ஏதோ சத்து மாத்திரையையும் தலையில் கட்டிவிட்டார்கள். 6,800 ரூபாய். பாதத்தில் விரல் வைத்து நாடி பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நரம்பு சுருட்டல் வலி வேறு மாதிரி. நெடுநேரம் நின்றால் கால் கனக்கும், வீங்கும். நடந்தால் பிடித்து, நின்றால் விடுகிற வலி என்றால் முதலில் தமனி, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டு வருகிற குழாய், அடைத்திருக்கிறதா என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

காலுறை போட்டபின் ராத்திரியிலும் வலி. கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப் போட்டால்தான் தூக்கம். கட்டைவிரலில் புண் வேறு. போன் செய்தால், "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், கழற்றாதீங்க." அடைப்புள்ள காலை இறுக்கினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும் என்று தெரியாதவர்களா, தெரிந்தே சொன்னார்களா?

அப்புறம் அரசு மருத்துவமனை, ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு. டாக்டர் முதல் வேலையாகக் காலுறையைக் கழற்றச் சொன்னார். புறங்காலிலும் கணுக்காலுக்குப் பின்னாலும் தொட்டுப் பார்த்தார், நாடி இல்லை. அந்த எண் 0.90-க்குக் கீழே போனால் அடைப்பு, சரி. ஆனால் 1.40-ஐத் தாண்டுவதும் நல்லதில்லையாம். சர்க்கரையால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து பிவிசி குழாய் மாதிரி விறைத்துவிடும். பட்டை இறுக்கினாலும் அமுங்காது, அளவு பொய்யாக ஏறும். அதனால் கால் விரலில் பிரஷர் பார்த்து, அதைக் கை அளவால் வகுத்தார்கள். அங்கே 0.70-க்குக் குறைந்தாலே கோளாறு, அவருக்கு 0.34. டாப்ளர் ஸ்கேனில் தொடைத் தமனியில் அடைப்பு தெரிந்தது.

பலூன் வைத்து விரித்தார்கள். இப்போது ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை. பீடி அடியோடு கூடாது. புண் ஆறியதும் நடைப்பயிற்சி: வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது, 30 முதல் 45 நிமிஷம், வாரம் மூன்று நாள், குறைந்தது 12 வாரம்.

திடீரென்று கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் முகாம், மாத்திரை என்று அலையாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரி. சில மணி நேரத்தில் காலே போய்விடும்.

பணத்தைக் கேட்டால் "போட்ட சாக்ஸை வாங்க மாட்டோம்" என்கிறார்கள். ரசீதில் டாக்டர் பெயரோ பதிவு எண்ணோ இல்லை, 'சர்ஜிகல் பொருள்' என்று ஒரே வரி. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறோம். உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.