எஸ்2000 பின் ஆக்சில்: வெள்ளைப் பெட்டியில் வந்ததும் ஹோண்டாவின் பழசும்

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு ஹோண்டா எஸ்2000. இரண்டு லிட்டர் எஃப்20சி எஞ்சின், 9000 ஆர்பிஎம் வரை ஏறும், இழுவை முழுக்கப் பின் சக்கரத்துக்கு. பின் ஆக்சில், அதாவது இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு, தேய்ந்தால் என்ன செய்வது என்று லண்டனில் ஹரோ பக்கம் நம் ஆட்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் நான் வாங்கியது, பூட்டியது, திரும்பக் கழற்றியது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் புது ஆக்சிலை இந்தக் காருக்கு வாங்காதீர்கள். கழற்றிய பழசை யாரிடமும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

என் காரில் ஆரம்பித்தது இப்படி. இரண்டாவது கியரில் நன்றாக மிதித்தால், 40 மைல் வேகத்தைத் தாண்டும்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும், கண்ணாடியில் பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரியும். காலை எடுத்தவுடன் நின்றுவிடும். மெதுவாக ஓட்டினால் ஒன்றுமே இல்லை. வீல் பேலன்ஸ் என்று நினைத்து இரண்டு தரம் காசு கொடுத்தேன். பேலன்ஸ் கோளாறு என்றால் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அந்த வேகத்தில் நடுங்கும். மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், அதுவும் ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய காராக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சில் காரின் நடுப்பக்கம் சேரும் உள் ஜாயிண்ட்டைத்தான். இன்னொன்றும் உண்டு: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதோ ரிவர்ஸ் எடுக்கும்போதோ பின்னால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் அது வேறு சங்கதி. பெரும்பாலும் ஆக்சில் நுனியைச் சக்கரத்தின் நடுவில் பிடித்திருக்கும் ஹப் நட்தான். கழற்றி, நட் பதியும் முகத்தைத் துடைத்து, முறைப்படி திரும்ப இறுக்கினால் போய்விடும், அதற்காக ஆக்சில் வாங்க ஓட வேண்டாம்.

ஹோண்டாவில் இரண்டு பக்கமும் புதிதாக வாங்கினால் நாலு இலக்கத் தொகை. அந்த நேரம் என்னால் முடியவில்லை. இணையத்தில் இரண்டும் சேர்த்து 200 பவுண்டுக்குள் ஒன்று கிடைத்தது, இரண்டு வருட உத்தரவாதம் வேறு போட்டிருந்தார்கள், வாங்கிவிட்டேன். வெள்ளைப் பெட்டி, மேலே ஒரு பெயரும் இல்லை, வெறும் எண் ஒட்டியிருந்தது. பழைய ஆக்சிலைத் திருப்பி அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 30 பவுண்ட் தருவோம் என்று ஒரு சீட்டும் உள்ளே இருந்தது. அனுப்பத்தான் இருந்தேன். ஹேய்ஸில் சின்ன கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர்தான் பூட்டித் தந்தார். அவர் சொன்னது: "தம்பி, ஹோண்டா இரும்பு அது, எறியிறதுக்கு என்ன அவசரம்? கொண்டுபோய் ஷெட்டுக்குள்ள போடு." அந்த ஒரு பேச்சுதான் என்னைக் காப்பாற்றியது.

புதுசு பூட்டிய முதல் மாதம் கார் பட்டு மாதிரி ஓடியது. நாலாவது மாதம் மோட்டர்வேயில் 70இல் ஒரு மெல்லிய அதிர்வு, இப்போது மிதிக்காவிட்டாலும் இருந்தது. டயரைக் கழற்றிப் பார்த்தால் வீல் ஆர்ச்சின் உட்புறம் முழுக்க ஒரு கறுப்புக் கோடு, வட்டமாக, விரல் வைத்தால் ஒட்டுகிறது. ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் உறையான பூட்டின் பட்டி தளர்ந்து கிரீஸை வெளியே வீசியிருக்கிறது. இப்படியே எம்ஓடி என்ற வருடாந்தச் சோதனைக்குக் கொண்டுபோனால் அழுக்கைத் தடுக்காத பூட் என்று ஃபெயில் போட்டுவிடுவார்கள். விற்றவரிடம் கேட்டேன், பூட்டும்போது நீங்கள் கிழித்திருப்பீர்கள் என்று பதில் வந்தது. படம் அனுப்பினேன், பிறகு பதிலே இல்லை. உத்தரவாதம் அதோடு சரி.

அண்ணை அதைக் கழற்றி மேசையில் விரித்துக் காட்டினார். உள் ஜாயிண்ட் என்பது ஒரு கிண்ணம், அதில் நீளவாக்கில் மூன்று பள்ளம், ஆக்சில் தண்டான ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் மூன்று ரோலர் அந்தப் பள்ளங்களில் முன்னும் பின்னும் வழுக்கும். வெள்ளைப் பெட்டியில் வந்த கிண்ணத்தில் மூவாயிரம் மைலுக்குள் ரோலர் நிற்கிற இடத்தில் சுவர் தேய்ந்து குழி விழுந்திருந்தது. நகத்தால் வருடினால் நகம் இடறுகிறது. ஷெட்டில் கிடந்த ஹோண்டா கிண்ணத்தையும் துடைத்து அருகில் வைத்தோம். 90 ஆயிரம் மைல் ஓடியது, அதிலும் நகம் இடறியது, ஆனால் ஒரு பக்கச் சுவரில் மட்டும். எதிர்ச் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது.

இந்தக் காரின் தந்திரமே அங்கேதான் இருக்கிறது. முன்னோக்கி மிதிக்கும்போதெல்லாம் ரோலர் பள்ளத்தின் ஒரே சுவரைத்தான் தள்ளும். அதனால் இடது கிண்ணத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டால் சுழலும் திசை திரும்பிவிடும், தேயாத சுவர் பாரத்தை எடுத்துக்கொள்ளும். எஸ்2000 வைத்திருப்பவர்கள் பல வருடமாகச் செய்துவரும் வேலை இது. காரைத் தாழ்த்தினால் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது: ஷாஃப்ட் சாய்வு கூடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ரோலர் அதிக தூரம் முன்பின் ஓடுகிறது, மூன்று ரோலரும் சுற்றுக்கு மூன்று தரம் காரைப் பக்கவாட்டில் உதைக்கின்றன. அந்த உதைதான் சீட்டில் தெரிந்த நடுக்கம். இழுவையை இரண்டு பக்கமும் பிரிக்கும் டிஃப்பரன்ஷியலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டை வைத்து ரோலரைத் தேயாத இடத்துக்கு நகர்த்துபவர்களும் உண்டு. நான் அதைச் செய்யவில்லை, முந்தைய சொந்தக்காரர் போட்ட தாழ்வான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஹோண்டா ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன்.

வேலை என்று பார்த்தால் சுலபம் இல்லை. 36 மில்லிமீட்டர் ஹப் நட், உதட்டை உள்ளே அடித்து மடக்கியிருக்கும். அதை முதலில் நிமிர்த்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே நீளக் குழாய் போட்டுத் தளர்த்த வேண்டும். இந்த ஊரில் குளிர்காலத்தில் ரோட்டுக்குப் போடும் உப்பு ஹப்பின் பல்லையும் ஷாஃப்ட்டின் பல்லையும் ஒன்றாக்கிவிடுகிறது. வலது பக்கம் துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க விட்டும் அசையவில்லை, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டுத்தான் வந்தது. நேரே சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட்டின் மறை போய்விடும், அப்புறம் பழசைக் காப்பாற்றியதே வீண். உள்பக்கம் ஆறு நட், அவையும் துரு, ஆனால் வந்துவிட்டன.

பக்கம் மாற்றிப் போட வேண்டிய அந்த ஹோண்டா கிண்ணங்களில் வெள்ளைப் பெயிண்டால் இடது, வலது என்று குறித்து, பழைய கிரீஸ் ஒரு பொட்டும் இல்லாமல் கழுவி, ஹோண்டா பூட் கிட்டில் வரும் கிரீஸையே முழுதாக வைத்தோம். உள் ஜாயிண்ட்டுக்கு ஒரு கிரீஸ், வெளி ஜாயிண்ட்டுக்கு வேறு, மாற்றிப் பூச வேண்டாம். கடைசிப் பட்டியை இறுக்கும் முன் பூட்டின் உதட்டுக்கடியில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு, அடைபட்ட காற்றை அண்ணை வெளியேற்றினார். காற்று நின்றால் பூட் ஊதிப்போய்ச் சீக்கிரம் கிழியுமாம். ஹப்புக்குப் புது நட்.

இரண்டு பக்கத்துக்கும் கிட், நட், கூலி எல்லாம் சேர்த்து 400 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். வெள்ளைப் பெட்டிக்குக் கொடுத்ததையும் அதைப் பூட்டிய கூலியையும் கூட்டினால் ஏறக்குறைய அதே காசு, அது நாலு மாதம்தான் தாங்கியது. வெள்ளைப் பெட்டிக்கு ஐந்துக்கு ஒன்று தருகிறேன், அதுவும் சொன்ன நாளில் வந்து சேர்ந்ததற்கு. ஹோண்டா கிட்டுக்கும் அண்ணையின் கைக்கும் ஐந்துக்கு ஐந்து. கிண்ணத்தின் இரண்டு சுவரும் தேய்ந்துவிட்டால் மட்டும் இந்த வழி உதவாது, அப்போது காசு சேர்த்து ஹோண்டாவிலேயே வாங்குங்கள்.

இப்போது 8 ஆயிரம் மைல் ஓடிவிட்டது. போன சனிக்கிழமை காலை ஏ40 சாலையில் ஏறும்போது இரண்டாவது கியரில் முழுக்க மிதித்து மூன்றாவதுக்கு மாற்றினேன், பின்னால் வந்த வேனின் நம்பர் பிளேட்டைக் கண்ணாடியில் எழுத்தெழுத்தாக வாசிக்க முடிந்தது. வலது பின் பக்கம் மட்டும் மெல்லிய இரைச்சல் ஒன்று இருக்கிறது, புல்லர் போட்டு இழுத்ததில் பேரிங் அடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் அதைப் பார்க்க வேண்டும்.