ஜே.சி. ரோட்டில் பி.டி.ஓ. ஷாஃப்டுக்குக் கிராஸ் மாற்றித் தரும் கடை

டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் தேய்ந்த கிராஸை (சுழலும் தண்டின் மூட்டில் இருக்கும் கூட்டல் குறி வடிவ உறுப்பை) கையில் வாங்கிப் பார்த்து, பழுதின் காரணத்தையும் சொல்லி, புதியதைத் தாங்களே பொருத்தித் தரும் கடை அரிது. அப்படிப்பட்ட ஒரு சிறு கடைக்கு, ஆனேக்கல் பக்கத்து எங்கள் நிலத்தில் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைச் சுழற்றும் ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தேன். பி.டி.ஓ.வை (டிராக்டர் எஞ்சினின் விசையைக் கருவிக்குத் தரும் அமைப்பை) போட்டவுடன் உலோகம் மோதும் ஓசை எழுந்ததும், கிராஸின் கைமுனையை மூடும் கப்பின் ஓரத்தில் துருநிறத் தூள் கசிந்ததும் கிராஸ் தேய்ந்துவிட்டதைத் தெளிவாகவே காட்டின.

டிராக்டரின் பெயரைச் சொன்னதும் பெட்டியை எடுத்து நீட்டாமல், மேஸ்திரி முதலில் வெர்னியர் அளவுகோலை எடுத்தார். கப்பின் விட்டத்தையும், எதிரெதிர்க் கப்புகளின் வெளிமுனைகளுக்கு இடையிலான நீளத்தையும் அளந்த பிறகே அலமாரிப் பக்கம் திரும்பினார். 30.2 மி.மீ. விட்டத்திலேயே 80 மி.மீ. நீளத்தில் ஒரு கிராஸும் 92 மி.மீ. நீளத்தில் இன்னொன்றும் இருப்பதால், விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் வீடுவரை போய்த் திரும்பி வர நேரும்.

பழைய கிராஸின் நான்கு கைகளில் இரண்டில் ஊசி பேரிங்குகள் (கப்புக்குள் இருக்கும் மெல்லிய உருளைகள்) வரிவரியாகப் பள்ளம் பதித்திருந்தன. அதைக் காட்டி மேஸ்திரி, "அண்ணா, வரப்பு ஓரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாம ரொட்டவேட்டரைத் தூக்குறாங்க, அதான் இப்படி" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும் பி.டி.ஓ.வில், அப்படித் தூக்கும்போது ஒரு மூட்டு 30 பாகை வளைந்தால், அதற்கு அப்பாலுள்ள தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறத்தாழ 468-க்கும் 624-க்கும் இடையே ஏறி இறங்கும். அந்த இழுபறி முழுவதையும் கிராஸின் கைகளே தாங்க வேண்டும். நடுத்தண்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகளும்) ஒரே தளத்தில் இருந்து, இரு மூட்டுகளின் கோணமும் சமமாக இருந்தால்தான் ஒரு மூட்டின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுசெய்யும். அதனாலேயே, மீண்டும் அதே நிலையில் பொருத்துவதற்காக, கழற்றுவதற்கு முன் நடுத்தண்டின் இரு குழாய்களிலும் அவர் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பொருத்திய விதமும் நிறைவளித்தது. ஊர்ப்பட்டறைகளில் காண்பதுபோலச் சம்மட்டியால் அடித்து இறக்காமல் வைஸில் வைத்து மெல்ல அழுத்தினார்கள். ஒரு கப் முழுமையாக உள்ளே போகாதபோது, வேறிடத்தில் அதை அடித்தே ஏற்றியிருப்பார்கள். இங்கே வெளியே எடுத்துப் பார்த்து, அடியில் சாய்ந்து கிடந்த ஒரு ஊசியை நிமிர்த்தி வைத்தபின், கப்பைப் பிடித்து நிறுத்தும் சர்க்லிப் வளையம் தன் காடியில் சரியாக அமர்ந்தது. இறுதியில் நான்கு சீல்களின் வழியாகவும் கிரீஸ் வெளிவரும்வரை துப்பாக்கியால் அடித்தார்கள். ஏதேனும் ஒரு கை வழியாக வராவிட்டால் அந்தத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். யோக்கின் ஓட்டைகளில் தேய்மானம் இருக்கிறதா என்றும் சோதித்து, தேவையில்லாத யோக்கை என் தலையில் கட்டாமல் விட்டார்கள்.

விலை மற்ற கடைகளைவிடச் சற்று அதிகம். வேலையைப் பார்த்தால் அது நியாயமே. வண்டி நிறுத்த இடமில்லை என்பதால், கனமான ஷாஃப்டைத் தூக்க ஓர் ஆளைக் கூட்டிச் செல்வது நல்லது.

எனக்குள்ள ஒரே மனக்குறை, உடைந்திருந்த பிளாஸ்டிக் கவசத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஷாஃப்டைத் திருப்பிக் கொடுத்தது. நொடிக்கு ஒன்பது முறை சுழலும் தண்டில் வேட்டி நுனியோ முந்தானையோ சிக்கினால் விலக அவகாசமே கிடைக்காது. கேட்டதற்குக் கவசம் கையிருப்பில் இல்லை என்றார்கள். அதே சாலையில் வேறொரு கடையில் வாங்கி மாட்டிய பிறகே ரொட்டவேட்டரை மீண்டும் ஓட்டினோம்.