எர்ணாவூர் போர்வெல் தண்ணிக்கு அயர்ன் ஃபில்டர்: வேலை செய்கிறது, ஆனால் கேட்டு வாங்குங்கள்

போர்வெல்லிலிருந்து தண்ணி பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும், பக்கெட்டில் கொஞ்ச நேரம் விட்டால் மஞ்சளாகும், காலையில் பார்த்தால் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருக்கும். வடசென்னையில் எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டீ போட்டால் கருத்துப்போகும், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை காலரில் துருக்கறை. அந்தக் கறைக்கு ப்ளீச்சிங் போடாதீர்கள், இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறுதான் கேட்கும்.

நாங்கள் மாட்டியது அயர்ன் ரிமூவல் ஃபில்டர், அதாவது தண்ணியில் இருக்கும் இரும்பை எடுப்பது. ஆளுயர ஃபைபர் டேங்க், உள்ளே மாங்கனீஸ் டைஆக்சைடு மீடியா (வடிகட்டும் துகள்கள்), தலையில் தண்ணி போகும் வழியை மாற்ற ஒரு மல்டிபோர்ட் வால்வு. முதலில் போன கடையில் சாஃப்ட்னரையே (தண்ணியின் கடினத்தன்மையைக் குறைப்பது) தலையில் கட்டப் பார்த்தார்கள், "சார், இது எல்லாத்தையும் எடுத்துடும்" என்று. இரும்பு அதிகமுள்ள தண்ணீரை நேராக சாஃப்ட்னரில் விட்டால் அதன் ரெசினில் துரு அடைத்துக்கொள்ளும், ஆர்ஓ மெம்பிரேனுக்கும் அதே கதிதான். எது வாங்கினாலும் இரும்பை முன்னாடியே எடுத்தாக வேண்டும்.

இந்த இரும்பு மோட்டாரிலிருந்தோ பைப்பிலிருந்தோ மட்டும் வருவதாக நிறைய பேர் நினைக்கிறார்கள். கொசஸ்தலை ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணும்தான் நம் காலடியில் இருப்பது. வண்டல் மண்ணில் மட்கிய செடிகொடி நிலத்தடியில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், அப்புறம் மண்ணில் ஒட்டியிருக்கும் இரும்பு கரைய ஆரம்பிக்கும், கரைந்த இரும்புக்கு நிறமே கிடையாது. மேலே வந்து காற்று பட்டதும் துருவாகிறது. ஆற்றுத் தண்ணீரிலும் இரும்பு உண்டு, ஆனால் அது ஏற்கெனவே காற்று பட்டு வண்டலோடு தூளாக வருவதால் பெரும்பாலும் தெளியவைத்தாலே, வடிகட்டினாலே போய்விடும். போர் தண்ணீரை அப்படி வடிகட்ட முடியாது, முதலில் துருவாக்க வேண்டும். ஃபில்டர் செய்வது அதைத்தான், மீடியா அதை வேகப்படுத்துகிறது. எங்களுக்கு ஃபில்டருக்கு முன்னால் காற்று இழுக்க ஒரு வெஞ்சுரியும் வைத்தார்கள், அதைக் கட்டாயம் கேளுங்கள்.

பலன்? லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியில் கறை விழும். லேபில் கொடுத்துப் பார்த்ததில் எங்கள் போரில் 2.8 இருந்தது, ஃபில்டர் தாண்டி 0.2. டீ டீயாக இருக்கிறது, பாத்ரூம் டைல்ஸில் புதிதாகக் கறை இல்லை.

குறை என்றால் பேக்வாஷ், அதாவது தண்ணியை எதிர்ப்பக்கமாக விட்டு மீடியாவைக் கழுவுவது. வால்வைத் திருப்பி மோட்டாரைப் போட்டு, வெளியே வரும் தண்ணி தெளியும்வரை விட வேண்டும், முதல் ஓட்டம் செங்கல் கரைத்த மாதிரி இருக்கும். வாரம் ஒருமுறையாவது செய்யாவிட்டால் மேல்மாடிக் குழாயில் தண்ணி சொட்டத்தான் செய்யும். மாட்டிக்கொடுத்தவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, வால்வு கசிந்தபோது போன் பண்ணினால் "நாளைக்கு வரேன்"தான், கடைசியில் தெரு பிளம்பர்தான் வாஷர் மாற்றினார். பேக்வாஷ் தண்ணீரைச் செடிக்கு விடலாம், தரையில் மட்டும் விடாதீர்கள், சிமெண்டே சிவந்துபோகும்.

உப்புக்கு இது ஒன்றும் செய்யாது. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே வந்த கிணறுகள் உள்ளவர்கள் முதலில் டிடிஎஸ் (தண்ணியில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பாருங்கள். குடிக்க நாங்கள் இன்னும் மெட்ரோ வாட்டரும் கேனும்தான். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ என்றால் ஐந்துக்கு நான்கு ஸ்டார், சர்வீசுக்கு ஒன்று.