மலைத் தேயிலை ஆலைக்கு எது: அனோடைசிங்கா, பவுடர் கோட்டிங்கா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத் தேயிலை ஆலைகளில் ஜன்னலும் தடுப்பும் அலுமினியத்துக்கு மாறும்போது முதலில் வரும் கேள்வி இதுதான். விரும்பிய நிறம் வேண்டுமென்றால் பவுடர் கோட்டிங், அதாவது பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் பூச்சு. வெள்ளி, வெண்கலம், கறுப்பு போதுமென்றால் அனோடைசிங், அதாவது அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றுவது. செலவு பெரும்பாலும் பவுடருக்குத்தான் குறைவு. இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். நாங்கள் அனோடைசிங் எடுத்ததற்குக் காரணம் பராமரிப்பு.

பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை கனமுள்ள தோல். 180–200 டிகிரி சூட்டில் உருகி உலோகத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறது. இடத்தில் வைத்து அறுத்த முனை, திருகு ஓட்டை, கொழுந்துக் கூடை இடித்த கீறல் ஆகிய இடங்களில் ஈரம் நுழைந்தால் தோலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். வெளியே மழையும் மூடுபனியும், உள்ளே வாடும் கொழுந்து விடும் ஈரமும் இருக்க, சட்டம் காய நாளே கிடைப்பதில்லை. கடலோர உப்புக்காற்று இங்கே இல்லாததால் அரிப்பு மெதுவாகத்தான் வரும்; கோட்டிங்குக்கு முந்தைய ரசாயனக் கழுவலைச் சரியாகச் செய்திருந்தால் பல ஆண்டு தாங்கவும் செய்யும். ஆனால் கொப்பளித்த பிறகு மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. அந்த இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும்.

அனோடைசிங்கில் உரிந்து வர எதுவுமில்லை. லிட்டருக்கு 165–200 கிராம் கந்தக அமிலம், 18–22 டிகிரி, சதுர டெசிமீட்டருக்கு 1.5 ஆம்பியர்: இந்தத் தொட்டியில் அலுமினியமே ஆக்சைடாக மாறுகிறது. படலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உலோகத்துக்குள் இருக்கும். கீறினால் கீறிய இடத்தோடு நிற்கும். வெளிப்புறத்துக்கு ஐஎஸ் 1868 என்ற இந்தியத் தரப்படி 25 மைக்ரான் கேளுங்கள். அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும்.

இதில் உயிர்நாடி சீலிங். ஆக்சைடின் நுண்துளைகளை மூட 96 டிகிரிக்கு மேல் கொதிக்கும் தூய நீரில், மைக்ரானுக்கு 2–3 நிமிடம் வைக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. குன்னூரிலும் 94 டிகிரிதான். ஆகவே வெந்நீர் சீலிங் வேண்டுமென்றால் வேலையைக் கோவைக்கு அனுப்புவதே சரி. மலையிலேயே செய்தால் நிக்கல் ஃபுளோரைடு குளிர் சீலிங் கேளுங்கள். அதற்கும் தொட்டி 25–30 டிகிரியில் இருக்க வேண்டும், குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாமல் நடக்காது.

அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை சில. 6063 என்ற அலுமினியக் கலவையின் செக்‌ஷன் எடுங்கள். சிலிக்கான் மிகுந்த வார்ப்புப் பாகம் சாம்பல் படிந்தது போல மங்கும். வெல்டிங்குக்கு 5356 கம்பி வையுங்கள். 4043 வைத்தால் வெல்டிங் போட்ட கோடு கறுத்துப்போகும். அறுப்பது, துளையிடுவது எல்லாம் முன்பே முடியட்டும். இரும்புத் திருகு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, அமிலத்தில் கரையும். குழல் சட்டத்துக்கு வடிகால் துளை போடாவிட்டால் உள்ளே தங்கிய அமிலம் பின்னால் வெள்ளையாகக் கசியும்.

அனோடைசிங்குக்கும் எதிரிகள் உண்டு. சிமென்ட், சுண்ணாம்பு, சலவைச் சோடா மூன்றுமே படலத்தைத் தின்றுவிடும். பூச்சு வேலை முடியும்வரை சட்டத்தின்மேல் டேப் ஒட்டியிருக்கட்டும். கழுவுவதற்கு மென்சோப்பு நீர் போதும். 80 டிகிரிக்கு மேல் சூடேறினால் மயிரிழை வெடிப்பு விழும் என்பதால் டிரையரின் சூட்டு முனைக்கு அருகில் இதைப் போட வேண்டாம், அங்கே எஃகுதான் சரி. ஒருமுறை ஆழமாகக் கீறினால் பழைய படலத்தைக் காஸ்டிக்கில் கரைத்துத் திரும்பச் செய்ய வேண்டும். அளவும் சற்றுக் குறையும். இந்த ஒன்றில் மட்டும், சின்னக் கீறலை டச்-அப் பெயின்டால் மூடிவிடக்கூடிய பவுடருக்கு வசதி அதிகம்.

சரக்கு வந்ததும் ஒரு சட்டத்தில் சாயத் துளி விட்டு, சற்று நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். கறை நின்றால் சீலிங் சரியில்லை, அந்த லாட்டைத் திருப்பி அனுப்புங்கள்.